சனிக்கிழமை சம்பளம்... செமஸ்டர் கட்டணம்! திருப்பூர் மாணவ-மாணவிகள் கையில் காசு தங்குவது எப்படி?

திருப்பூர்:

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் திருப்பூருக்கே ஒரு தனிக் களை வந்துவிடும். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் போடுகிற நாள். மளிகைக் கடை பாக்கி, சீட்டுப் பணம், கறிக்கடை, பரோட்டா கடை என்று ராத்திரிக்குள் பாதி காசு கை மாறிவிடும். ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டை, சினிமா தியேட்டர் என்று மீதியும் கரையும். திங்கட்கிழமை காலையில், "ஒரு நூறு ரூபா இருக்குமாங்க, சனிக்கிழமை தந்துடறேன்" என்ற குரல் கேட்க ஆரம்பிக்கும்.

இந்த ஊர் வாரக் கணக்கில் ஓடுகிற ஊர். ஆனால் கல்லூரிக்கு இந்த சனிக்கிழமை கணக்கு தெரியாது. அங்கே எல்லாமே 6 மாதக் கணக்கு. பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளில் நவம்பரில் ஒரு செமஸ்டர் தேர்வு, ஏப்ரலில் ஒரு செமஸ்டர் தேர்வு. தேர்வுக் கட்டணத்துக்கு கடைசி தேதி என்று ஒன்று போடுவார்கள். அது செவ்வாய்க்கிழமையாக இருந்தால், சனிக்கிழமை வரை பொறுங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது.

கல்லூரி சாலையில் உள்ள சிக்கண்ணா அரசு கலைக்கல்லூரி, பல்லடம் ரோட்டில் உள்ள எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக்கல்லூரி ஆகியவற்றில் படிக்கும் மாணவ-மாணவிகளில் பலர் பனியன் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். கல்லூரி விட்டதும் செக்கிங், பேக்கிங், பிசிறு வெட்டுதல் என்று சில மணி நேரம் வேலைக்கு போகிறவர்களும் உண்டு. லீவு விட்டால் முழு ஷிப்ட். சொந்தக் காசில் படிப்பது பெருமையான விஷயம்தான். ஆனால் அந்தக் காசு வாரத்துக்கு வாரம் கரைந்துபோய், கட்டணம் கட்டும் நேரத்தில் செல்போனில் கடன் ஆப் தேடுவதில்தான் வம்பு ஆரம்பிக்கிறது.

20 வாரம் அல்ல, 17 வாரம்

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பி.காம். 2-ம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவர், பகுதிநேர வேலையில் வாரம் ரூ.1,000 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தேர்வுக் கட்டணம், புத்தகம், ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு எல்லாம் சேர்த்து ஒரு செமஸ்டருக்கு ரூ.3 ஆயிரம் ஆகிறது. (இது உதாரணம்தான். உங்கள் கல்லூரி கணக்கை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.) ஒரு செமஸ்டர் என்பது சுமார் 20 வாரம். வாரம் ரூ.150 எடுத்து வைத்தால் போதும் என்றுதான் தோன்றும்.

போதாது. திருப்பூரில் 20 வாரமும் சம்பளம் வராது. தீபாவளிக்கு கம்பெனி மூடினால் வெளியூர் தொழிலாளர்கள் சொந்த ஊர் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பி வந்து ஷிப்ட் முழுசாக ஓட ஒரு வாரம், 10 நாள் கூட ஆகும். இடையில் ஆர்டர் இல்லை என்று ஒரு வாரம், உங்களுக்கே இன்டர்னல் தேர்வு என்று ஒரு வாரம் போகும். ஆக கையில் காசு வருவது 17 வாரம்தான். 3 ஆயிரத்தை 17-ஆல் வகுத்தால் ரூ.176. ரூ.200 என்று வைத்துக்கொண்டால்தான் தாங்கும்.

இந்த 200 ரூபாயை எப்போது ஒதுக்குவது என்பதுதான் முக்கியம். செலவு போக மிச்சத்தை சேர்க்கலாம் என்று நினைத்தால் மிச்சம் என்று ஒன்று இருக்காது. சனிக்கிழமை கவர் கைக்கு வந்ததும், பரோட்டா கடைக்குள் நுழைவதற்கு முன்பே, 200 ரூபாய் தனியாக போய்விட வேண்டும். ஜிபே, போன்பே இருக்கிற அக்கவுண்ட்டில் போட்டால் டீக்கடையிலேயே கரைந்துவிடும். யு.பி.ஐ. இணைக்காத இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். தபால் நிலையத்தில் மாதம் ரூ.100 முதல் ஆர்.டி. போடலாம். ஆனால் அது 5 வருட திட்டம். செமஸ்டர் கட்டணத்துக்கு ஆகாது, படிப்பு முடிந்தபின் தேவைப்படும் காசுக்குத்தான் சரிப்படும். இதெல்லாம் வேண்டாம் என்றால் அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். திருப்பூரில் பல வீடுகளில் இன்றும் அம்மாதான் வங்கி.

ஏலச்சீட்டு, தீபாவளி சீட்டு போடுகிறவர்கள் ஒன்றை கவனிக்க வேண்டும். சீட்டு நடத்துபவர் 1982-ம் ஆண்டு சிட்பண்ட் சட்டத்தின் கீழ் பதிவு செய்தவரா என்று பார்க்க வேண்டும். கம்பெனியில் கூட வேலை செய்கிற அக்கா நடத்துகிறார் என்ற நம்பிக்கையில் போடுவது வேறு. அந்த அக்கா மேல் தப்பே இல்லாமல் கூட, எடுத்தவர் கட்டாமல் போனால் சீட்டு நின்றுவிடும். தேர்வுக் கட்டணத்தை அதில் போடாதீர்கள்.

போனசும் புது போனும்

தீபாவளிதான் இந்த ஊர் மாணவனுக்கு உண்மையான பரீட்சை. நவம்பர் தேர்வுக்கான கட்டணம், வீட்டில் அப்பா-அம்மாவுக்கு வரும் போனஸ், செல்போன் கடைகளின் தள்ளுபடி விளம்பரம் மூன்றும் ஒரே சமயத்தில் வரும். போன் ஜெயித்துவிடுகிறது! வட்டி இல்லா தவணை என்று கடையில் சொல்வார்கள். அதில் பிராசசிங் கட்டணம் எவ்வளவு, ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி போய்விடுகிறதா என்று கேளுங்கள். பல நேரங்களில் வட்டி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

போனஸ் பற்றி இன்னொரு விஷயம். பகுதிநேரமாக வந்த பையன்தானே என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள் என பலரும் கேட்பதே இல்லை. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், கணக்கு ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே போனஸ் கேட்க சட்டத்தில் இடம் உண்டு. குறைந்தபட்சம் 8.33 சதவீதம். 1965-ம் ஆண்டு போனஸ் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்த ஊதிய சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. லீவில் 2 மாதம் முழு ஷிப்ட் பார்த்தவர்கள் வேலை செய்த நாட்களை தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கேட்கும்போது கையில் கணக்கு இருக்க வேண்டும். பி.எப். பிடித்தால் யு.ஏ.என். நம்பரையும் வாங்கி வையுங்கள். பிற்பாடு எந்த ஊருக்கு வேலைக்கு போனாலும் அந்த நம்பர்தான் தொடரும்.

ஊரே நின்ற நாட்கள்

வாரம் 200 ரூபாய் சேர்த்து என்ன கிழிக்கப் போகிறோம் என்று நினைப்பவர்கள் இந்த ஊரின் கதையை கொஞ்சம் பார்க்க வேண்டும். நொய்யலில் சாயக்கழிவு கலந்த வழக்கில் 2011 ஜனவரி 28-ந்தேதி சென்னை ஐகோர்ட்டு உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்டன. துணிக்கு சாயம் போட முடியாவிட்டால் கட்டிங்கும் இல்லை, தையலும் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. 2025 ஆகஸ்டு 27-ந்தேதி முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகளில் வேலை குறைந்தது.

மூன்று முறையும் முதல் அடி விழுந்தது வாரச் சம்பளத்தில்தான். மாதச் சம்பளக்காரருக்கு ஒரு மாதமாவது அவகாசம் கிடைக்கும். வாரச் சம்பளக்காரருக்கு அடுத்த சனிக்கிழமையே தெரிந்துவிடும். வீட்டில் அப்படி ஒரு நிலை வந்தால், படிக்கிற பிள்ளையின் பஸ் செலவும், கட்டணமும்தான் முதலில் தள்ளிப்போகும். ஒரு செமஸ்டர் கட்டணம் முன்கூட்டியே கையில் இருக்கிற வீட்டில் படிப்பு நிற்காது. அவ்வளவுதான் அந்த 200 ரூபாயின் மகிமை.

மாதம் ரூ.1,000 எங்கே போகிறது?

அரசு பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வி சேர்ந்த மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ந்தேதி தொடங்கப்பட்டது. அதேபோல மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9-ந்தேதி, பக்கத்து ஊரான கோவையில் அரசு கலைக்கல்லூரியில் வைத்து தொடங்கப்பட்டது. கல்லூரி அலுவலகம் மூலமாகத்தான் பதிவு. முதல் ஆண்டிலேயே போய் கேட்டுவிட வேண்டும்.

பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. இதில் பலர் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஆதார் மூலம் அனுப்பப்படும் அரசு பணம், நீங்கள் மனதில் நினைக்கிற அக்கவுண்ட்டுக்கு போகாது. கடைசியாக எந்த வங்கிக் கணக்கை நேரடி மானியத்துக்காக ஆதாருடன் இணைத்தீர்களோ, அங்கே போகும். புது சிம் வாங்கும்போதோ, ஏதோ ஆபருக்காகவோ ஒரு கணக்கு திறந்து, படிக்காமல் சம்மதம் என்று அழுத்திவிட்டால் பணம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். 2017-ல் நாடு முழுக்க லட்சக்கணக்கானோரின் கேஸ் மானியம் இப்படித்தான், அவர்களுக்கே தெரியாத செல்போன் வங்கிக் கணக்குகளுக்கு போனது. "எனக்கு பணமே வரலை" என்று கல்லூரியில் சண்டை போடுவதற்கு முன், எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று உங்கள் வங்கியில் கேட்டுப் பாருங்கள்.

குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி அபராதம் பிடிப்பதும் ஒரு தொல்லை. ஸ்டேட் வங்கி 2020-லும், கனரா வங்கி, இந்தியன் வங்கி ஆகியவை 2025-லும் சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தை கைவிட்டன. எந்த வங்கியானாலும் அடிப்படை சேமிப்புக் கணக்கு என்று கேட்டால் இருப்பு இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். இது ரிசர்வ் வங்கி விதி.

10 வட்டி பரவாயில்லை!

கையில் காசு இல்லை, கட்டணம் கட்ட நாளை கடைசி நாள். இந்த இடத்தில்தான் மாணவர்கள் சிக்குகிறார்கள். நண்பனிடம் கைமாத்து வாங்குவது பழைய வழி. வட்டி கிடையாது, ஆனால் நட்பு போகும்.

அடுத்தது தண்டல். ரூ.10 ஆயிரம் என்று சொல்லி கையில் ரூ.8,500 கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் தினமும் அசல் குறைந்துகொண்டே போவதை கணக்கில் எடுத்தால், ஆண்டு வட்டி 100 சதவீதத்தை தாண்டுகிறது. மாதம் 10 வட்டி என்றால் ஆண்டுக்கு 120 சதவீதம்.

இதையே தர்மம் என்று சொல்ல வைத்துவிட்டன சில கடன் ஆப்கள். 5 ஆயிரம் கடன் என்று காட்டி, அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று பிடித்துக்கொண்டு ரூ.3,500 மட்டும் அனுப்புவது இவர்கள் பாணி. 7 நாளில் முழு 5 ஆயிரத்தையும் கட்ட வேண்டும். 3,500-க்கு ஒரு வாரத்தில் 1,500 வட்டி. அதாவது வாரத்துக்கு 43 சதவீதம், ஆண்டுக்கு 2 ஆயிரம் சதவீதத்துக்கும் மேல்! 7-வது நாள் கட்ட முடியாமல் இன்னொரு ஆப்பில் வாங்கி இதை அடைப்பார்கள். அப்புறம் அதை அடைக்க மூன்றாவது ஆப். பிறகு செல்போனில் உள்ள அத்தனை நம்பருக்கும் போன் போகும். படத்தை மார்பிங் செய்து அனுப்பி மிரட்டும் கொடுமையும் நடக்கிறது.

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்கு கடிவாளம் போட்டது. கடன் தருவது எந்த வங்கி அல்லது நிதி நிறுவனம் என்ற பெயர் தெரிய வேண்டும். ஆண்டுக்கு மொத்த வட்டி எவ்வளவு என்று ஒரே தாளில் காட்ட வேண்டும். உங்கள் காண்டாக்ட் லிஸ்டையும், போட்டோக்களையும் ஆப் தொடக் கூடாது. ஒரு ஆப் இன்ஸ்டால் ஆகும்போதே காண்டாக்ட், கேலரி என்று அனுமதி கேட்டால், அது எந்த ரகம் என்று அங்கேயே தெரிந்துவிடும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றை தடை செய்ய தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டே தனிச் சட்டம் வந்துவிட்டது. 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு. மிரட்டினால் போலீசில் புகார் கொடுக்கலாம். கடன் வாங்கியது குற்றம் இல்லை.

கட்டணம்தான் பிரச்சினை என்றால் முதலில் துறைத்தலைவரையோ, முதல்வரையோ பாருங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வெளியில் வட்டிக்கு வாங்கி கட்டுவதை விட, ஒரு வாரம் அவகாசம் கேட்பது கேவலம் இல்லை.

பெரிய தொகை தேவைப்படும் படிப்பு என்றால் வங்கி கல்விக் கடன் இருக்கிறது. ரூ.4 லட்சம் வரை சொந்த பங்குத்தொகை கேட்கக் கூடாது, ரூ.7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கிடைக்க வழி உண்டு. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். படிக்கும்போது தவணை கட்ட வேண்டாம் என்பதால் வட்டியும் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரு லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் மாதம் ரூ.833. முடிந்தால் அதை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிட்டால், வேலைக்கு போகும்போது மலைப்பாக இருக்காது.

நண்பனுக்கு பைக் லோனில் ஜாமீன் கையெழுத்து போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவன் கட்டாவிட்டால் முழுக் கடனுக்கும் நீங்களே பொறுப்பு. உங்கள் சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். "சும்மா ஒரு சைன் போடு மச்சான்" என்பதில் சும்மா என்று எதுவும் இல்லை.

வீட்டில் "பாசி" என்று சொல்லிப் பாருங்கள்

இன்றைய கல்லூரி மாணவர்களுக்கு தெரிந்திருக்காது. வீட்டில் பெரியவர்களிடம் "பாசி" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். திருப்பூரில் இருந்து இயங்கிய பாசி போரெக்ஸ் நிதி நிறுவனம், அன்னியச் செலாவணி வர்த்தகத்தில் பெரிய லாபம் தருவதாக சொல்லி பணம் திரட்டியது. 2009-ல் விவகாரம் வெடித்தது. 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இழந்தது சுமார் ரூ.930 கோடி. கோவை கோர்ட்டில் தீர்ப்பு வந்தது 2022 ஆகஸ்டு 26-ந்தேதி. இருவருக்கு தலா 27 ஆண்டு ஜெயில். மோசடிக்கும் தீர்ப்புக்கும் நடுவில் 13 வருடம் ஓடிவிட்டது. 2012-ல் பெருந்துறை பக்கம் ஈமு கோழி.

அன்றைக்கு ஆபீஸ் போட்டு ஏமாற்றினார்கள். இன்றைக்கு டெலிகிராம் குரூப். ஓட்டலுக்கு 5 ஸ்டார் போட்டால் 50 ரூபாய் என்று ஆரம்பிப்பார்கள். முதல் இரண்டு நாள் நிஜமாகவே பணம் வரும். அதுதான் தூண்டில் புழு. அப்புறம் பெரிய டாஸ்க், அதற்கு ரூ.2 ஆயிரம் கட்டு, 5 ஆயிரம் கட்டு என்று போகும். வேலை கொடுக்கிறவன் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலையே இல்லை.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930 என்ற நம்பருக்கு போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை அடுத்த கணக்குக்கு போகவிடாமல் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. வீட்டில் திட்டுவார்களே என்று ஒரு நாள் தள்ளிப்போட்டால் காசு பல கணக்குகளுக்கு பறந்துவிடும்.

அக்கவுண்ட் வாடகைக்கு

பணத்தை இழப்பதை விட மோசமான ஒன்று இப்போது கல்லூரி மாணவர்களை குறிவைக்கிறது. "உன் பேர்ல ஒரு அக்கவுண்ட் ஆரம்பிச்சு ஏ.டி.எம். கார்டும் சிம்மும் குடு, 5 ஆயிரம் தர்றேன். கம்பெனி ஜி.எஸ்.டி. விஷயம்தான்" என்று யாராவது சொல்வார்கள். வாரம் ஆயிரம் ரூபாய்க்கு நின்றுகொண்டே செக்கிங் பார்க்கிற பையனுக்கு 5 ஆயிரம் பெரிய காசு. கொடுத்துவிடுகிறார்கள்.

அந்த அக்கவுண்ட்டில் வருவது எங்கோ ஒருவரிடம் சைபர் மோசடியில் பறித்த பணம். ஆங்கிலத்தில் இதற்கு "மியூல்" அக்கவுண்ட் என்று பெயர், அதாவது கோவேறு கழுதை. பொதி சுமப்பதும் கழுதை, அடி வாங்குவதும் கழுதை! பணத்தை எடுத்தவன் பெயர் எங்கும் இருக்காது. வங்கி ரெக்கார்டில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் ஆதார், உங்கள் போட்டோ. வேறு மாநில போலீஸ் வீட்டு வாசலில் வந்து நிற்கும். எனக்கு தெரியாது, வாடகைக்குத்தான் விட்டேன் என்று சொன்னால் வழக்கு போய்விடாது. வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் அரசு வேலை, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அது குறுக்கே நிற்கும்.

வாடகைக்கு விடாதவர்களும் மாட்டுகிற வழி ஒன்று உண்டு. ஏ.டி.எம். வாசலில் முன்பின் தெரியாத ஒருவர், "ஜிபே பண்ணிடறேன், கையில 2 ஆயிரம் குடுங்க, அவசரம்" என்பார். பணமும் உடனே வந்துவிடும். பிறகு ஒரு நாள் உங்கள் கணக்கு முடங்கும். வந்த 2 ஆயிரம் திருட்டுப் பணமாக இருந்தால் அது போன வழியில் உள்ள கணக்குகள் மேல் கை வைக்கிறார்கள். சில சமயம் கணக்கு மொத்தமும் நின்றுவிடுகிறது. உதவித்தொகை, தேர்வுக்கு சேர்த்த பணம் எல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

அப்படி ஆகிவிட்டால் ஏஜெண்டு, "எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லும் ஆசாமி யாரிடமும் போகாதீர்கள். நேராக வங்கிக் கிளைக்கு போய், எந்த ஊர் போலீஸ் சொல்லி முடக்கினார்கள், புகார் எண் என்ன, எவ்வளவு தொகை சம்பந்தப்பட்டது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பணம் எப்படி வந்தது என்று தேதியோடு ஒரு கடிதம் எழுதி, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை வைத்து, அந்த போலீசுக்கும் வங்கிக்கும் அனுப்ப வேண்டும். மற்ற தொகையையாவது எடுக்க விடுங்கள் என்றும் அதிலேயே கேட்கலாம். வாரக்கணக்கில் அலைய நேரிடும். தேர்வுக் கட்டண தேதி நெருங்கியிருந்தால் கடிதத்தின் நகலை கல்லூரி முதல்வரிடம் அன்றைக்கே காட்டி அவகாசம் கேட்டுவிடுங்கள்.